நெப்போலியன் நாற்காலிக்கு வந்த கதை

நெப்போலியன் என்றதும் உங்களில் பலருக்கு வாட்டர்லூ நினைவுக்கு வரும். சிலருக்குக் கோட்டுக்குள் ஒரு கையை நுழைத்துக்கொண்டு நிற்கும் அந்தப் படம். இன்னும் சிலர் அவர் குள்ளமாமே என்பார்கள். அது சரியில்லை. ஏறக்குறைய 5 அடி 6 அங்குலம் இருந்தார். அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரருக்கு அது நல்ல உயரமே.

அவர் தோற்ற கதை எல்லோருக்கும் தெரியும். மேலே வந்த கதைதான் பலருக்குத் தெரியாது, எனக்கு அதுதான் அதிக சுவாரசியம். யோசித்துப் பாருங்கள். 1793 ஜனவரி 21-ஆம் தேதி பிரெஞ்சு மக்கள் தங்கள் அரசர் பதினாறாம் லூயியின் தலையை நடுச்சதுக்கத்தில் வெட்டினார்கள். இனி எங்களுக்கு ராஜா என்று ஒருவர் கிடையாது என்றார்கள். பன்னிரண்டு வருடம்கூட ஆகவில்லை. 1804 டிசம்பர் 2-ஆம் தேதி அதே பாரிஸ் நகரத்தில் ஒரு ராணுவத் தளபதி சக்கரவர்த்தியாக முடி சூட்டிக்கொண்டார். ஊர் கூடி வேடிக்கை பார்த்தது. நடுவில் என்ன நடந்தது?

முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் பேரேடு எழுதியவன் என்பதால் என் கண் பணம் இருக்கும் பக்கமே போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தக் கதையில் பணத்தை விட்டுவிட்டால் பாதி புரியாது என்பது என் கட்சி.

முதலில் அவர் பிறந்த இடம். மத்தியதரைக் கடலில் கார்சிகா என்று ஒரு தீவு. இத்தாலியைச் சேர்ந்த ஜெனோவா குடியரசின் வசம் இருந்தது. தீவுக்காரர்கள் பாஸ்குவாலே பாவோலி என்பவர் தலைமையில் சுதந்திரம் கேட்டுப் போராடினார்கள். அடக்க முடியாத ஜெனோவா 1768-இல் தீவைப் பிரான்சிடம் கடனுக்கு ஈடாகக் கொடுத்துவிட்டது. அடமானம்தான். மீட்கவேயில்லை. மறு வருடம் மே மாதம் பிரெஞ்சுப் படை பாவோலியைத் தோற்கடித்தது. மூன்று மாதம் கழித்து, 1769 ஆகஸ்ட் 15 அன்று, அஜாக்சியோ ஊரில் நெப்போலியன் பிறந்தார். அதாவது, சில வருடம் முன்னால் பிறந்திருந்தால் அவர் பிறக்கும்போது பிரெஞ்சுக்காரரே இல்லை.

அப்பா கார்லோ வக்கீல். பாவோலியிடம் செயலாளராக இருந்தவர். தோற்ற பிறகு காற்றடித்த பக்கம் சாய்ந்து பிரெஞ்சு அதிகாரிகளிடம் நல்ல பெயர் வாங்கினார். அம்மா லெதீசியா கண்டிப்பானவர், செட்டானவர். தங்கிய பிள்ளைகள் எட்டு, நம்மவர் இரண்டாமவர். அப்பா தன் வம்சம் பிரபு வம்சம் என்று தாள்கள் காட்டி மகனுக்கு அரசாங்க உதவித்தொகை வாங்கி, 1779-இல் ஒன்பது வயதுப் பையனைப் பிரான்சின் பிரியேன் ராணுவப் பள்ளியில் சேர்த்தார். பையனுக்குப் பிரெஞ்சு சரியாக வராது, பேச்சில் இத்தாலிய வாடை. மற்ற பையன்கள் கேலி செய்தார்கள். கணக்கு மட்டும் நன்றாக வந்தது. கணக்கு வருபவர்களுக்கு அந்தக் காலத்து ராணுவத்தில் ஒரே இடம்தான்: பீரங்கிப் படை. பாரிஸ் ராணுவக் கல்லூரியில் ஒரே வருடத்தில் முடித்து, 1785-இல் பதினாறு வயதில் இரண்டாம் லெப்டினன்ட் ஆனார். தேறிய 58 பேரில் 42-ஆம் இடம். மதிப்பெண் குறைந்த பேரப்பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இதைச் சொல்லி வையுங்கள். அந்த வருடம்தான் அப்பாவும் இறந்துபோனார். குடும்பப் பொறுப்பில் பெரும்பங்கு இந்தப் பையன் தலையில்.

பழைய ஆட்சி நீடித்திருந்தால் இவர் காப்டன், மேஜர் என்று ஏதோ ஒரு படியில் நின்று பென்ஷன் வாங்கியிருப்பார். பெரிய பதவிகள் பெரிய குடும்பங்களுக்கே. 1789 வந்து அதைப் புரட்டிப் போட்டது.

புரட்சி ஏன் வந்தது என்பதற்குப் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். உடனடிக் காரணம் எளிது: கஜானா காலி. அமெரிக்கச் சுதந்திரப் போருக்கு உதவப் போய் ஏறிய கடன், பிரபுக்களும் திருச்சபையும் வரியில் அனுபவித்த சலுகைகள், வருமானத்தில் பாதியை வட்டியே தின்றுவிடும் நிலை. வேறு வழியில்லாமல் அரசர் 1789 மே மாதம் மூன்று வகுப்பாரின் சபையைக் கூட்டினார். ஜூலை 14 பாஸ்தில் சிறை விழுந்தது. அதற்குப் பிறகு சபையின் கையில் அதிகாரம் வந்தது. கடனும் அதே கைக்கு வந்தது.

இங்கேதான் அசிக்னா வருகிறது. இந்தப் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள், ஆனால் கதையின் வில்லன் இதுதான். திருச்சபையின் நிலங்களைத் தேசத்தின் சொத்தாக எடுத்துக்கொண்டார்கள். விற்றால் பணம் வரும்; ஆனால் விற்க நாளாகும். ஆகவே அந்த நிலத்தைப் பிணையாகக் காட்டி 1789 டிசம்பரில் 40 கோடி லீவர் மதிப்புக்குப் பத்திரம் வெளியிட்டார்கள். முதலில் அதற்கு வட்டி உண்டு; நிலம் வாங்கப் பயன்படுத்தலாம்; திரும்பி வந்த பத்திரத்தை எரித்துவிட வேண்டும். இதுவரை எந்த வங்கி மேலாளரும் குறை சொல்ல முடியாத ஏற்பாடு. அடுத்த வருடமே அதைச் செலாவணி நோட்டாக மாற்றினார்கள். பிறகு வட்டி போயிற்று. பிறகு இன்னொரு 80 கோடி. 1792-இல் ஆஸ்திரியாவோடு போர், மறு வருடம் இங்கிலாந்தோடும். போர் என்றால் செலவு, செலவு என்றால் அச்சகம். நோட்டை வாங்க மறுப்பதைக் கடுங்குற்றமாக்கினார்கள். விலைக்கு உச்சவரம்பு கட்டினார்கள். கடைக்காரர் சரக்கை உள்ளே ஒளித்தார், விவசாயி தானியத்தைச் சந்தைக்குக் கொண்டுவரவில்லை. 1796 பிப்ரவரியில் நோட்டு அச்சடித்த தகடுகளைப் பொது இடத்தில் வைத்து உடைத்தபோது, ஏறத்தாழ நான்காயிரம் கோடி லீவருக்கு எழுதிய காகிதம் நாட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. நூறு லீவர் நோட்டுக்கு உலோகக் காசில் ஒரு லீவர்கூடத் தேறவில்லை.

பத்து வருடம் நோட்டுக் கட்டு எண்ணிய கைக்கு இதன் அர்த்தம் தெரியும். கூலிக்காரன் காலையில் வாங்கிய சம்பளம் மாலையில் பாதி. கடன் கொடுத்தவன் குப்பையைத் திரும்ப வாங்கிக்கொண்டான். வட்டியை நம்பி வாழ்ந்த விதவைகளும் முதியவர்களும் தெருவுக்கு வந்தார்கள். நிலத்தை மலிவாக மடக்கியவர்களும் ராணுவத்துக்குச் சப்ளை செய்த காண்டிராக்டர்களும் மட்டும் கொழுத்தார்கள். சுதந்திரம், சமத்துவம் என்ற சொற்கள் மேல் இருந்த மோகம் எப்போது கரைந்தது என்று கேட்டால், கில்லட்டினைவிட அதிகமாக இந்த நோட்டைத்தான் நான் சுட்டிக்காட்டுவேன்.

இனி நம் லெப்டினன்டிடம் திரும்புவோம். புரட்சி வந்ததும் ராணுவ அதிகாரிகளாக இருந்த பிரபுக்களில் பாதிக்கும் மேல் நாட்டைவிட்டு ஓடினார்கள். காலியிடம் ஏராளம். நெப்போலியனோ அந்த நாட்களில் நீண்ட விடுப்புகள் எடுத்துக்கொண்டு கார்சிகாவில் உள்ளூர் அரசியல் செய்துகொண்டிருந்தார். பாவோலியோடு பிணக்கு முற்றி, 1793 ஜூனில் போனபார்ட் குடும்பமே தீவைவிட்டுத் தப்பியோடி தூலோன் துறைமுகத்தில் அகதியாக இறங்கியது.

அதே தூலோன்தான் அவரைத் தூக்கிவிட்டது. சில வாரங்களில் அந்த ஊர் புரட்சி அரசை எதிர்த்துக் கிளம்பி, துறைமுகத்தை ஆங்கிலேயக் கடற்படைக்குத் திறந்துவிட்டது. முற்றுகையிட்ட படையில் பீரங்கித் தலைவர் காயம்பட்டார். அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்த 24 வயது நெப்போலியனை, அரசுப் பிரதிநிதியாக இருந்த கார்சிகாக்காரர் சாலிசெட்டி பிடித்து அந்த இடத்தில் போட்டார். ஊர்க்காரன் தயவு எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் தயவில் வந்தவர் வேலையைக் காட்டினார். ஊரைத் தாக்க வேண்டாம், துறைமுக வாயைப் பார்த்திருக்கும் முனையைப் பிடித்துப் பீரங்கி வைத்தால் கப்பல்கள் தாமாகப் போய்விடும் என்று கணக்குப் போட்டார். டிசம்பர் 17 அன்று கோட்டையைப் பிடித்தார்கள். தொடையில் ஈட்டிக் காயம். ஆங்கிலேயர் கிளம்பிப் போனார்கள். சில நாட்களில் அவர் பிரிகேடியர் ஜெனரல்.

அப்புறம் ஒரு சறுக்கல். 1794 ஜூலையில் ரோபெஸ்பியர் விழுந்து தலையையும் இழந்தார். அவர் தம்பியோடு பழகியவர் என்பதால் நெப்போலியனும் கைதாகிப் பத்து நாள் போல உள்ளே இருந்தார். வெளியே வந்தபின் மேற்குப் பகுதியில் உள்நாட்டுக் கலகத்தை அடக்கப் போகச் சொன்னார்கள். உடம்பு சரியில்லை என்று தட்டிக் கழித்தார். 1795 செப்டம்பரில் ஜெனரல்கள் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிட்டார்கள். நைந்த சீருடையோடு பாரிசில் அலைந்துகொண்டிருந்த 26 வயது ஆள். மூன்று வாரத்தில் தலையெழுத்து மாறியது.

சபை அப்போது புதிய அரசியல் சட்டம் எழுதி முடித்திருந்தது. ஐந்து பேர் கொண்ட நிர்வாகக் குழு, அதற்கு டைரக்டரி என்று பெயர். கீழே ஐந்நூறுவர் சபை, மேலே மூத்தோர் சபை. எல்லாம் சரி. ஆனால் புதிய சபைகளில் மூன்றில் இரண்டு பங்கு இடம் பழைய உறுப்பினர்களுக்கே என்று கூடவே ஒரு தீர்மானம் போட்டுக்கொண்டார்கள். ஜனங்களுக்குக் கோபம் வராமல் இருக்குமா? மன்னராட்சி ஆதரவாளர்களும் சேர்ந்துகொள்ள, அக்டோபர் 5 அன்று இருபதாயிரம் பேருக்கு மேல் ஆயுதத்தோடு சபையை நோக்கி வந்தார்கள். பாதுகாப்புப் பொறுப்பிலிருந்த பராஸ், தூலோனில் பார்த்த பீரங்கிக்காரரைக் கூப்பிட்டார். நெப்போலியன் முதலில் மூரா என்ற குதிரைப்படை அதிகாரியை அனுப்பி, நகருக்கு வெளியே இருந்த 40 பீரங்கிகளை எதிராளி எடுப்பதற்குள் கொண்டுவரச் செய்தார். பிறகு தெருக்களின் வாயில் அவற்றை நிறுத்திச் சுட்டார். நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். குடியரசு பிழைத்தது. ஆனால் அன்றைக்கு ஒன்று கவனியுங்கள்: தேர்தல் தீர்மானத்தைப் பீரங்கி காப்பாற்றியது. பீரங்கியின் தயவில் உட்கார்ந்த சபை, பீரங்கிக்காரரை எத்தனை நாள் வேலைக்காரராக வைத்திருக்க முடியும்?

பரிசாகப் பெரிய பதவி வந்தது. பராஸின் வட்டத்தில் பழகிய ஜோசபின் என்ற விதவையையும் சந்தித்தார். 1796 மார்ச் 9 பதிவுத் திருமணம். மணமகள் ஆறு வயது மூத்தவர். பதிவேட்டில் அவர் நான்கு வயது குறைத்தும் இவர் ஒன்றரை வயது கூட்டியும் எழுதி இருவருக்கும் 28 ஆக்கிவிட்டார்கள். பதிவேட்டில் எண்ணைத் திருத்தும் இந்தப் பழக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது. கல்யாணமாகி இரண்டாம் நாள் இத்தாலியப் போர்முனைக்குப் புறப்பட்டார்.

அங்கே அவர் வாங்கிக்கொண்ட படையில் நாற்பதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான ஆட்கள். பலருக்குக் காலில் பூட்ஸ் இல்லை. சம்பளம் பாக்கி, வந்தாலும் செல்லாத நோட்டு. ஒரே மாதத்தில் பீட்மான்ட் அரசைப் பணியவைத்தார். மே மாதம் மிலானுக்குள் நுழைந்தார். பிடித்த ஊர்களில் கப்பம் வசூலித்து, ஜவான்களுக்குச் சம்பளத்தில் பாதியை வெள்ளிக் காசாகப் பட்டுவாடா செய்தார். வேறு எந்தப் பிரெஞ்சுப் படைக்கும் கிடைக்காத கௌரவம் இது. அன்றிலிருந்து அந்தச் சிப்பாய்கள் பாரிஸ் அரசின் சிப்பாய்கள் இல்லை, அவருடைய சிப்பாய்கள். மீதிப் பணத்தை வண்டி வண்டியாகப் பாரிசுக்கு அனுப்பினார். கூடவே இத்தாலியின் அரிய ஓவியங்களும் போயின. திவாலான அரசாங்கம் தனக்குப் பணம் அனுப்புகிற தளபதியை எப்படிக் கண்டிக்கும்? 1797 அக்டோபரில் ஆஸ்திரியாவோடு உடன்படிக்கையை ஏறக்குறையத் தானே பேசி முடித்தார். போர்முனையிலிருந்தே சொந்தமாகப் பத்திரிகை நடத்தித் தன் வெற்றிகளை ஊருக்குச் சொல்லவும் ஏற்பாடு செய்திருந்தார். விளம்பரத்தின் பலம் தெரிந்த மனிதர்.

அதே 1797-இல் டைரக்டரி இரண்டு காரியம் செய்தது. தேர்தலில் மன்னராட்சிக்காரர்கள் நிறைய ஜெயித்ததும், செப்டம்பர் 4 அன்று ராணுவத்தைக் கொண்டு அந்தத் தேர்தலையே பல மாவட்டங்களில் ரத்து செய்தது. நெப்போலியன்தான் அதற்கு ஒரு தளபதியை அனுப்பிவைத்தார். அந்த மாதக் கடைசியில் அரசுக் கடனில் மூன்றில் இரண்டு பங்கை நடைமுறையில் கைகழுவியது. மிச்சம் ஒரு பங்குக்கு மட்டும் வட்டி. வாக்கும் செல்லவில்லை, பத்திரமும் செல்லவில்லை.

எகிப்து படையெடுப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1798 மே மாதம் முப்பத்தைந்தாயிரத்துக்கு மேற்பட்ட வீரர்களோடும் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட அறிஞர்களோடும் கிளம்பினார். இங்கிலாந்தின் இந்திய வழியை அடைப்பது நோக்கம். பிரமிடுகளின் அருகே வென்றார். பதினோரு நாளில் நெல்சன் அவருடைய கப்பல்களை அழித்துவிட்டார். நமக்கும் இதில் ஒரு சம்பந்தம் உண்டு. 1799 ஜனவரியில் கெய்ரோவிலிருந்து மைசூர் திப்பு சுல்தானுக்கு நட்புக் கடிதம் ஒன்று எழுதினார். அது ஆங்கிலேயர் கையில் சிக்கியது. வேலூரிலிருந்து புறப்பட்ட ஹாரிஸின் படை மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்தது, திப்பு போரில் மாண்டார். அதே மே மாதம் நெப்போலியன் ஏக்கர் கோட்டையை முற்றுகையிட்டு முடியாமல் திரும்பிக்கொண்டிருந்தார். அதற்கு முன் ஏக்கருக்குப் போகும் வழியில் யாஃபா நகரில் சரணடைந்த கைதிகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொல்ல உத்தரவிட்டது அவர் பெயரில் உள்ள பெரிய கறை. ஆகஸ்டில், படையைக் கிளேபர் என்ற தளபதியின் தலையில் கட்டிவிட்டு, சில நெருங்கியவர்களோடு ரகசியமாகக் கப்பலேறினார். கிளேபரிடம் நேரில் சொல்லக்கூட இல்லை. வேறு ஒருவர் இப்படிச் செய்திருந்தால் ராணுவ நீதிமன்றம்தான்.

அக்டோபர் 9 பிரான்சில் இறங்கினார். மக்கள் கொண்டாடினார்கள். நாட்டைக் காக்க வந்தவர் என்றார்கள். ஆனால் அவர் வருவதற்கு முன்பே, செப்டம்பர் மாதக் கடைசியில், சூரிக்கில் மசேனா வென்று எல்லை ஆபத்தை விலக்கிவிட்டார். காப்பாற்றியவர் ஒருவர், மாலை வாங்கியவர் ஒருவர்.

பாரிசில் ஒரு சதி தயாராகக் காத்திருந்தது. டைரக்டர்களில் ஒருவரான சியேயெஸ் பாதிரியாராக இருந்தவர், அரசியல் சட்டம் எழுதுவதில் பித்து. இருக்கிற சட்டத்தை மாற்ற வேண்டும். அதற்கு ஒரு வாள் வேண்டும். அவர் பார்த்து வைத்திருந்த ஜெனரல் ஜூபேர், ஆகஸ்ட் 15 அன்று இத்தாலியில் நோவி போரில் இறந்துவிட்டார். அன்றைக்கு நெப்போலியனுக்கு முப்பதாவது பிறந்த நாள். ஆக, இரண்டாவது தேர்வாகத்தான் நம்மவர் வந்தார். தாலிராண்ட் இடையில் பேசி இருவரையும் இணைத்தார். காவல் துறை அமைச்சர் ஃபூஷே எல்லாம் தெரிந்தும் கண்ணை மூடிக்கொண்டார். நெப்போலியனின் தம்பி லூசியன் ஐந்நூறுவர் சபையின் தலைவர். வயது 24, அந்தச் சபையில் உட்காரவே வயது போதாது.

நவம்பர் 9. புரட்சி நாட்காட்டிப்படி புரூமேர் மாதம் 18. விடியற்காலையில் மூத்தோர் சபையை அவசரமாகக் கூட்டினார்கள். சந்தேகத்துக்குரியவர்களுக்கு அழைப்பே போகவில்லை. பயங்கரச் சதி ஒன்று நடக்கிறது என்று பயமுறுத்தி, இரண்டு சபைகளையும் நகருக்கு வெளியே சேன்-க்ளூ அரண்மனைக்கு மாற்றவும், துருப்புகளை நெப்போலியன் கையில் ஒப்படைக்கவும் தீர்மானம் வாங்கினார்கள். ஐந்து டைரக்டர்களில் சியேயெஸும் கூட்டாளி டியூக்கோவும் தாங்களே விலகினார்கள். பராஸிடம் ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். மற்ற இருவரை வீட்டுக் காவலில் வைத்தார்கள். முதல் நாள் நூல் பிடித்ததுபோல் முடிந்தது.

மறுநாள்தான் கோளாறு. சேன்-க்ளூவில் கூடம் தயாராகவில்லை. தச்சர்கள் வேலை செய்துகொண்டிருக்க, உறுப்பினர்கள் வெளியே தோட்டத்தில் நின்று ஒருவரோடொருவர் பேசிச் சந்தேகத்தை வளர்த்துக்கொண்டார்கள். ஐந்நூறுவர் சபை கூடியதும், அரசியல் சட்டத்துக்கு விசுவாசப் பிரமாணத்தை ஒவ்வொருவராக மீண்டும் எடுக்க வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டது. பொறுமை இழந்த நெப்போலியன் மூத்தோர் சபைக்குள் போய்ப் பேசினார். போர்க்களத்தில் ஆணையிடத் தெரிந்தவருக்குச் சபையில் பேசத் தெரியவில்லை, உளறிக்கொட்டினார். அங்கிருந்து சில சிப்பாய்களோடு ஐந்நூறுவர் சபைக்குள் நுழைந்தார். உறுப்பினர்கள் பாய்ந்து வந்து சட்டையைப் பிடித்து உலுக்கினார்கள். அவரைச் சட்டத்துக்குப் புறம்பானவராக அறிவிக்க வேண்டும் என்று கூச்சல். அந்த அறிவிப்பு வந்தால் விசாரணையே இல்லாமல் தலை போகும். ரோபெஸ்பியருக்கு அப்படித்தான் ஆயிற்று. முகம் வெளுத்து, சிப்பாய்கள் தாங்கிப்பிடிக்க வெளியே வந்தார்.

அண்ணனைக் காப்பாற்றியது தம்பிதான். லூசியன் வெளியே வந்து குதிரைமேல் ஏறினார். உள்ளே கத்தி வைத்திருக்கும் சிலர் பெரும்பான்மையை மிரட்டுகிறார்கள் என்று, சபையின் தலைவர் என்ற முறையில், சிப்பாய்களிடம் சொன்னார். கத்தியை யாரும் பார்க்கவில்லை. உருவிய வாளை அண்ணன் மார்புக்கு நேராக நீட்டி, இவன் சுதந்திரத்துக்கு விரோதமாக நடந்தால் நானே கொல்வேன் என்கிற பாவனையில் சபதமும் செய்தார். நம் நாடகக்காரர்கள் தோற்றார்கள். தயங்கிக்கொண்டிருந்த சிப்பாய்கள் நம்பிவிட்டார்கள். மத்தளம் கொட்ட, மூரா படையோடு உள்ளே போனார். மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் ஜன்னல் வழியாகக் குதித்து இருட்டில் ஓடினார்கள். அவர்களுடைய சிவப்பு அங்கிகள் தோட்டத்துப் புதர்களில் தொங்கின.

ராத்திரி, சிதறிப்போனவர்களில் அகப்பட்ட ஒரு சிறு பகுதியைத் தேடிப்பிடித்து உட்காரவைத்து, டைரக்டரி இனி இல்லை, மூன்று தற்காலிகக் கான்சல்கள் ஆள்வார்கள் என்று தீர்மானம் போடவைத்தார்கள். நம் சங்கப் பொதுக்குழுவில்கூடக் கோரம் இல்லாவிட்டால் அரை மணி நேரம் ஒத்திவைத்து, அதை மினிட்ஸில் எழுதிவிட்டுத்தான் தொடர்கிறோம். அங்கே அதுவும் கிடையாது. பாரிஸ் நகரமோ மறுநாள் வழக்கம்போலக் கடை திறந்தது. எங்கும் எதிர்ப்பு ஊர்வலம் இல்லை. அரசுக் கடன் பத்திரங்களின் விலை ஏறியது.

சில வாரத்தில் சியேயெஸின் கையிலிருந்து பேனாவையும் நெப்போலியன் பிடுங்கிக்கொண்டார். டிசம்பரில் வந்த சட்டப்படி அவர் முதல் கான்சல், பத்து வருடத்துக்கு. மற்ற இருவரும் ஆலோசனை மட்டும் சொல்லலாம். சம்பளம் அவருக்கு ஐந்து லட்சம் பிராங்க், மற்றவர்களுக்கு ஒன்றரை லட்சம். அதிலிருந்தே அதிகாரம் எங்கே என்று தெரிந்துவிடும். சியேயெஸுக்கு ஒரு பண்ணை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இந்தச் சட்டத்தை மக்கள் ஏற்கிறார்களா என்று வாக்கெடுப்பு நடத்தினார்கள். ரகசிய வாக்கு இல்லை. ஆம் என்பதற்கு ஒரு பதிவேடு, இல்லை என்பதற்கு ஒன்று. பெயரெழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முடிவு வருவதற்கு முன்பே சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். 1800 பிப்ரவரியில் அறிவித்த கணக்கு: ஆதரவு 30,11,007, எதிர்ப்பு 1,562.

கடைசி இலக்கம் வரை இவ்வளவு துல்லியமான எண்ணைப் பார்த்தால் எந்த ஆடிட்டருக்கும் மூக்கு வியர்க்கும். இருபதாம் நூற்றாண்டில் லாங்லுவா என்ற வரலாற்றாசிரியர் ஆவணக் காப்பகத்தில் மூலப் பதிவேடுகளைக் கூட்டிப் பார்த்தார். உண்மையான ஆதரவு ஏறத்தாழ 15 லட்சம்தான். உள்துறை அமைச்சரின் அலுவலகத்தில் மாவட்டவாரியாக எண்களை ஏற்றியிருந்தார்கள். ராணுவத்தின் வாக்குகளை எண்ணாமலே ஐந்து லட்சம் என்று சேர்த்திருந்தார்கள். உள்துறை அமைச்சர் யார் தெரியுமா? லூசியன்.

15 லட்சத்துக்கு 1,562 என்றாலும் வெற்றிதானே, ஏன் திருத்த வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். வாக்களிக்க வராதவர்கள் தான் பெரும்பான்மை. அது வெளியே தெரியக்கூடாது. அந்த மௌனம்தான் அவர்களுக்குப் பயம்.

இனி வரவு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. ஆட்சியைப் பிடித்த அன்று கஜானாவில் இரண்டு லட்சம் பிராங்கும் ரொக்க இருப்பு இல்லை. கோதன் என்ற அனுபவசாலியை நிதி அமைச்சராக்கினார். அவரை 1814 வரை மாற்றவேயில்லை. வரி விதிப்பை உள்ளூர்க்காரர்களிடமிருந்து எடுத்து, சம்பளம் வாங்கும் அதிகாரிகளிடம் கொடுத்தார்கள். 1800 ஜனவரியில் பாங்க் ஆஃப் பிரான்ஸ் தொடங்கியது. மூலதனம் மூன்று கோடி பிராங்க், ஆயிரம் பிராங்க் பங்குகள் முப்பதாயிரம். முதல் கான்சலும் குடும்பத்தாரும் பங்கு வாங்கினார்கள். கேட்டால் உடனே காசு தருகிற நோட்டை மட்டும் அந்த வங்கி வெளியிட்டது. அரசுக் கடனுக்கு வட்டியை உலோகக் காசாகவே கொடுத்தார்கள். 1803 ஏப்ரலில் வந்த சட்டம் ஒரு பிராங்க் என்பது பத்தில் ஒன்பது பங்கு தூய்மையுள்ள ஐந்து கிராம் வெள்ளி என்று நிர்ணயித்தது. அந்தப் பிராங்க் 1914 வரை அசையவில்லை. நெப்போலியன் போய், மன்னர்கள் வந்து, போய், இரண்டு குடியரசும் இன்னொரு பேரரசும் வந்தும் அசையவில்லை. அவருடைய எந்தப் போர் வெற்றியும் இவ்வளவு நாள் நிற்கவில்லை.

ஆனால் விலையும் கொடுத்தார்கள். அதே 1800 ஜனவரியில் பாரிசின் 73 அரசியல் பத்திரிகைகளில் 60-ஐ ஒரே உத்தரவில் மூடினார்கள். மாவட்டத்துக்கு ஒரு பிரீபெக்ட், மேலிருந்து நியமனம். தேர்ந்தெடுத்த உள்ளூர் நிர்வாகம் முடிந்தது. பிப்ரவரியில் முதல் கான்சல் பழைய அரசரின் துய்லரி அரண்மனைக்குக் குடிபோனார்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 1800 ஜூன் 14 மாரெங்கோ போரில் மாலை வரை தோற்றுக்கொண்டிருந்தவரை தெசே வந்து காப்பாற்றி, தன் உயிரை விட்டார். எகிப்தில் விட்டுவந்த கிளேபரை ஒருவன் குத்திக் கொன்றதும் அதே நாளில். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு அவருடைய வண்டிக்கு வைத்த குண்டு குறி தவறியது. வைத்தவர்கள் மன்னராட்சிக்காரர்கள்; நாடு கடத்தியதோ இடதுசாரிகள் நூற்றுக்கு மேற்பட்டோரை. போப்பாண்டவரோடு ஒப்பந்தம், இங்கிலாந்தோடு சமாதானம், அதைத் தொடர்ந்து 1802-இல் ஆயுட்காலக் கான்சல் பதவி. அந்த வருடமே புரட்சி ஒழித்திருந்த அடிமை முறைக்குக் காலனிகளில் மீண்டும் சட்ட அனுமதி கொடுத்தார். ஹெயிட்டியின் கறுப்பினத் தலைவர் தூசான் லூவெர்த்தூரைப் பிடித்து வந்து மலைக்கோட்டைச் சிறையில் போட்டார். பிராங்க் சட்டம் வந்த அதே 1803 ஏப்ரலில் அவர் குளிரில் அங்கேயே இறந்தார். 1804 மார்ச் 21 இன்னும் விசித்திரமான தேதி. உலகம் புகழும் அவருடைய சிவில் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்தது அன்றுதான். அன்று விடியற்காலையில்தான் பழைய அரச வம்சத்து இளைஞர் ஆங்கியான் பிரபுவை அயல்நாட்டு மண்ணிலிருந்து கடத்தி வந்து, கண்துடைப்பு விசாரணை நடத்திச் சுட்டுக் கொன்றார்கள்.

இரண்டு மாதம் கழித்து செனட் அவரைச் சக்கரவர்த்தி என்றது. டிசம்பர் 2 நோத்ர தாம் பேராலயத்தில் போப்பாண்டவர் முன்னிலையில் கிரீடத்தைத் தானே எடுத்துச் சூடிக்கொண்டார்; ஜோசபினுக்கும் தானே சூட்டினார். அப்போது அவருக்கு வயது 35. மிச்சக் கதை உங்களுக்குத் தெரியும்: ரஷ்யப் பனி, எல்பா, வாட்டர்லூ, 1821-இல் செயின்ட் ஹெலினா தீவில் மரணம்.

அந்த முடிசூட்டு விழாவைத் தாவீத் வரைந்த பெரிய ஓவியத்தை இணையத்தில் பாருங்கள். நடுவில் மாடத்தில் அம்மா லெதீசியா கம்பீரமாக உட்கார்ந்திருப்பார். உண்மையில் அந்த அம்மாள் விழாவுக்கு வரவே இல்லை. ரோமில், லூசியனோடு இருந்தார். விருப்பத்துக்கு மாறாகக் கல்யாணம் செய்துகொண்டதால் தம்பியை அண்ணன் ஒதுக்கிவிட்டிருந்தார். ஆகவே சேன்-க்ளூவில் குதிரையேறி அண்ணனைக் காப்பாற்றியவருக்கும் அந்த விழாவில் இடமில்லை. படத்தில் அம்மாவைச் சேர்த்து வரையச் சொன்னது மகன்தான். லெதீசியா தமக்கு வந்த பெரிய மானியத்தைச் செலவழிக்காமல் சேர்த்து வைத்தார். கருமி என்று அரண்மனையில் சிரித்தார்கள். எல்லாம் போன பிறகு எல்பா தீவுக்கு மகனைத் தேடிப் போனவர்களில் அவரும் ஒருவர். மகன் இறந்து பதினைந்து வருடம் கழித்து, 1836-இல், ரோம் நகரத்தில் காலமானார்.